பழைய கம்ப்யூட்டர வீட்டு நெட்டுக்கு ஃபயர்வாலா மாத்துறது எப்படி

வீட்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் சும்மா தூசி புடிச்சு கிடக்குதுன்னா, புது விண்டோஸ் போட்டா மூச்சு வாங்குது, விக்கப்போனா யாரும் வாங்க மாட்டேங்குறாங்கன்னா, அதுக்கு பொருத்தமான ஒரு வேலை இருக்கு. அதுல ஃபயர்வால் சாஃப்ட்வேர் ஒண்ணு, அதாவது நெட்ல போறத வர்றத பார்த்து விடுற, தடுக்குற சாஃப்ட்வேர், போட்டு, மோடத்துக்கும் வீட்டுக்குள்ள இருக்குற மத்த எல்லாத்துக்கும் நடுவுல உக்கார வச்சுட்டா, வீட்டு நெட் மொத்தமும் அது வழியாத்தான் போகும் வரும்.

ஆனா முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். வெளியிலிருந்து யாரும் உள்ள நுழையக்கூடாது, அவ்ளோதான் வேணும்னா இவ்ளோ மெனக்கெட வேண்டாம். இப்ப இருக்குற சாதாரண ரவுட்டரே நீங்க கேக்காத கனெக்‌ஷன உள்ள விடுறதில்ல. அது ஒரு வாசல் வாட்ச்மேன் மாதிரி, உள்ள வர்றவங்கள மட்டும் நிறுத்திக் கேக்கும், வெளிய போறவங்க கையில என்ன கொண்டுபோறாங்கன்னு திரும்பிக்கூட பார்க்காது. இந்த மாதிரி தனி ஃபயர்வால் வைக்கிறதோட உண்மையான பிரயோஜனம் உள்பக்கம்தான். டிவி யார் யார்கிட்ட பேசுது, கேமரா எங்க டேட்டா அனுப்புது, அந்த கேமராவ யாராவது புடிச்சா அங்கேருந்து உங்க லேப்டாப்புக்கு தாவ முடியுமா முடியாதா, இதெல்லாம் உங்க கைக்கு வரும். 2016ல மிராய்னு ஒரு மால்வேர் வந்துச்சு, கம்பெனி போட்டு அனுப்புன பாஸ்வேர்ட மாத்தாம விட்ட கேமராக்களயும் டிவிஆர்களயும் புடிச்சு, அக்டோபர்ல டைன்ங்குற டிஎன்எஸ் கம்பெனி (சைட் பேர ஐபி முகவரியா மாத்திக் குடுக்குற வேலைதான் டிஎன்எஸ்) மேல அடிச்சதுல பல பெரிய சைட்டெல்லாம் மணிக்கணக்குல திறக்கல. அந்த கேமரா ஓனர்ல முக்கால்வாசி பேருக்கு தன் வீட்டுப் பொருள்தான் அடிக்குதுன்னே தெரிஞ்சிருக்காது. 2018ல விபிஎன்ஃபில்டர்ங்குற மால்வேர் வந்தப்ப ரவுட்டர்களே மாட்டுச்சு, 5 லட்சத்துக்கும் மேலன்னு கணக்கு. மலிவு ரவுட்டருக்கு ரெண்டு மூணு வருஷத்துல அப்டேட் நின்னுடும், ஆனா பொட்டி என்னமோ ஏழெட்டு வருஷம் ஓடும், அதுதான் பிரச்சனையே.

என்ன மாதிரி மெஷின் வேணும்

ப்ராசஸர பத்தி ரொம்ப யோசிக்காதீங்க. 64 பிட்டா இருக்கணும், அது கட்டாயம், இந்த வேலைக்குன்னே இருக்குற ஃபயர்வால் சாஃப்ட்வேர்ல பிஎஃப்சென்ஸும் சரி ஓபிஎன்சென்ஸும் சரி இப்ப 32 பிட்ட விட்டுட்டாங்க. ரேம் 4 ஜிபி இருந்தா நிம்மதி, 2 ஜிபில ஓடும் ஆனா கூட எதுவும் சேர்க்க முடியாது. டிஸ்க்கு சின்ன எஸ்எஸ்டி ஒண்ணு போதும், பழைய சுத்துற ஹார்ட் டிஸ்க்க அப்படியே விடாதீங்க, ஏற்கெனவே பல வருஷம் ஓடுனத 24 மணி நேரமும் ஓட விட்டா அது ஒரு நாள் சொல்லாம கொள்ளாம போயிடும், அன்னிக்கு வீட்ல யாருக்கும் நெட் இருக்காது.

யோசிக்க வேண்டியது கரண்ட். பழைய டெஸ்க்டாப் ஒண்ணு சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்குதுன்னு வைங்க, ஒரு நாளைக்கு 1.44 யூனிட், வருஷத்துக்கு கிட்டத்தட்ட 525 யூனிட் ஆகுது. அதே வேலைய 10 வாட்ல ஓடுற ஒரு தின் கிளையன்ட் (ஆபீஸ்ல வைக்கிற குட்டி கம்ப்யூட்டர்) செஞ்சா வருஷத்துக்கு 88 யூனிட்டுக்குள்ள முடிஞ்சிடும். அதனால கைவசம் ரெண்டு மூணு பழைய மெஷின் இருந்தா, வேகமானத எடுக்காம கரண்ட் கம்மியா குடிக்கிறத எடுங்க. கேமிங் கிராஃபிக்ஸ் கார்டு இருந்தா கழட்டிடுங்க, போர்டுலயே டிஸ்ப்ளே அவுட் இருந்தா அது போதும், அதுவும் இன்ஸ்டால் பண்ற நாள்ல மட்டும்தான் வேணும்.

லேப்டாப் போடலாமான்னு நிறைய பேர் கேப்பாங்க. பேட்டரி இருக்கே, யூபிஎஸ் மாதிரி ஆச்சேன்னு தோணும். ஆனா பழைய லேப்டாப் பேட்டரி எப்பவும் சார்ஜர்லயே இருந்தா உப்பிக்க வாய்ப்பு உண்டு, அதுவும் அலமாரிக்குள்ள யாரும் பார்க்காத இடத்துல வைக்கிற பொருளுக்கு அது நல்லதில்ல. அதோட ஒரே ஒரு நெட்வொர்க் போர்ட்தான் இருக்கும். நான் வேண்டாம்னுதான் சொல்வேன்.

பயாஸுக்குள்ள, அதாவது மெஷின் ஆன் ஆகும்போதே திறக்குற செட்டிங் பக்கத்துக்குள்ள, போய் மூணு விஷயம் பார்த்துடுங்க. ஒண்ணு, கரண்ட் போய் வந்தா தானா ஆன் ஆகுற செட்டிங், இல்லன்னா ஒவ்வொரு தடவையும் நீங்க போய் பட்டன் அமுக்கணும். ரெண்டு, கீபோர்ட் இல்லன்னா பூட் ஆகாம நின்னு அழுகுற செட்டிங்க ஆஃப் பண்ணணும். மூணாவது, போர்டுல இருக்குற அந்த காசு மாதிரி சிஆர்2032 பேட்டரி. பழைய மெஷின்ல அது பெரும்பாலும் செத்திருக்கும், கரண்ட் போனா தேதி பல வருஷம் பின்னாடி போயிடும், தேதி தப்பா இருந்தா சர்டிஃபிகேட் எதுவும் செல்லாது, டிஎன்எஸ் பதில் நிஜமானதான்னு பார்க்குற டிஎன்எஸ்செக் சோதனையும் ஃபெயில் ஆகும், டிஎன்எஸ் ஓடலன்னா டைம் சர்வர் பேரக்கூட கண்டுபிடிக்க முடியாது, டைம் சர்வர் கிடைக்கலன்னா தேதி சரியாகாது, இப்படி வட்டமா சுத்தும். சின்ன பேட்டரிதான், மாத்திடுங்க.

நெட்வொர்க் கார்டுலதான் விஷயமே இருக்கு

ரெண்டு போர்ட் வேணும். மோடம் பக்கம் ஒண்ணு, அத வேன்னு சொல்லுவாங்க, வீட்டுப் பக்கம் ஒண்ணு, அது லேன். போர்டுலயே ஒண்ணு இருக்கும், இன்னொண்ணுக்கு கார்டு போடணும். இங்கதான் காசு செலவு பண்ணணும், மத்த எல்லாம் இருக்கிறத வச்சு ஓட்டலாம். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் ரெண்டும் ஃப்ரீபிஎஸ்டிங்குற ஆபரேட்டிங் சிஸ்டம் மேல ஓடுறது, அதுக்கு இன்டெல் கார்டுன்னா ரொம்ப பழக்கம், பல வருஷமா அடிச்சு துவைச்ச டிரைவர். ரியல்டெக் சிப்பும் ஓடும், ஆனா சில மாடல்ல லோடு ஏறும்போது லிங்க் போய் போய் வரும், காரணம் புரியாம மண்டைய பிச்சுக்கணும். ரியல்டெக்தான் கையில இருக்குன்னா ஓபிஎன்சென்ஸ்ல அந்த கம்பெனியோட சொந்த டிரைவர் ப்ளகின்னா கிடைக்குது, முதல் வேலையா அத போடுங்க. யூஎஸ்பி நெட்வொர்க் அடாப்டர் மட்டும் வேண்டவே வேண்டாம், சூடாகும், நடுவுல காணாம போயிட்டு திரும்ப வரும்.

பழைய ஆபீஸ் சர்வர்லேருந்து கழட்டுன ரெண்டு போர்ட் நாலு போர்ட் இன்டெல் கார்டு செகண்ட் ஹேண்ட்ல நிறைய கிடைக்கும், அதுதான் பெஸ்ட். ரொம்ப மலிவா புத்தம் புதுசுன்னு விக்கிறதுல போலியும் உண்டு, கவனம். வாங்குறதுக்கு முன்னாடி உங்க மெஷின்ல என்ன ஸ்லாட் இருக்குன்னு மூடிய கழட்டி பாருங்க. ரொம்ப பழைய மெஷின்ல வெறும் பிசிஐ ஸ்லாட்தான் இருக்கும், அதுல மொத்த பஸ்ஸுக்கும் சேர்த்து நொடிக்கு 133 எம்பிதான், வர்றதும் போறதும் அதுலயேதான் பங்கு போட்டுக்கணும், 100 எம்பிபிஎஸ் லைனுக்கு தாராளம், கிகாபிட் லைனுக்கு பத்தாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் இருந்தா கவலையே இல்ல. ஒல்லி கேபினெட்டுன்னா கார்டோட தகடும் குட்டையா இருக்கணும், இத மறந்துட்டு வாங்கி, கார்டு உள்ள போயும் மூடி மூட மாட்டேங்குற கதை ரொம்ப சகஜம்.

ஒரே ஒரு போர்ட்தான், கார்டு போட ஸ்லாட்டும் இல்லன்னா? விலேன் (ஒரே கேபிள்ல பல நெட்வொர்க்க நம்பர் போட்டு பிரிக்கிறது) தெரிஞ்ச, செட்டிங் மாத்த முடியுற மேனேஜ்ட் சுவிட்ச் ஒண்ணு இருந்தா, ஒரே கேபிள்ல வேனயும் லேனயும் தனித்தனி விலேன் நம்பர் போட்டு அனுப்பலாம். வேலை செய்யும், ஆனா சுவிட்ச்ல ஒரு டிக் தப்பா விழுந்தா மோடம் பக்கமும் வீட்டுப் பக்கமும் ஒண்ணா கலந்துடும். முதல் தடவ செய்றவங்களுக்கு இது வேணாம்.

சாஃப்ட்வேர் எதுன்னு பெரிய பட்டிமன்றமே நடக்கும். பிஎஃப்சென்ஸ் 2004ல எம்0என்0வால்ங்குற பழைய ஃபயர்வால் சாஃப்ட்வேர்லேருந்து பிரிஞ்சது, அதுலேருந்து ஓபிஎன்சென்ஸ் 2015 ஜனவரில பிரிஞ்சது, ரெண்டும் சொந்தக்காரங்கதான், ஒண்ணு கத்துக்கிட்டா இன்னொண்ணு வந்துடும். லினக்ஸ் பக்கம் ஐபிஃபயர் இருக்கு, ஓப்பன்டபிள்யூஆர்டியும் சாதாரண பிசில ஓடும், ரியல்டெக்க அதுங்க நல்லாவே சமாளிக்கும். நான் இங்க ஓபிஎன்சென்ஸ் வச்சுத்தான் சொல்றேன், வருஷத்துக்கு ரெண்டு பெரிய ரிலீஸ் ஜனவரி ஜூலைல சொன்னா சொன்ன மாதிரி வருது, நடுவுல சின்ன சின்ன அப்டேட்டும் வந்துக்கிட்டே இருக்கு, மெனுவுல தேடுற பெட்டி ஒண்ணு இருக்கு, அது ஒண்ணே போதும் எனக்கு.

கேபிள் எப்படி போகணும்

மோடத்துலேருந்து ஃபயர்வாலோட வேன் போர்ட்டுக்கு. லேன் போர்ட்லேருந்து ஒரு சுவிட்ச்சுக்கு. சுவிட்ச்லேருந்து வீட்ல மத்ததுக்கு. வைஃபை? பழைய கம்ப்யூட்டர்ல வைஃபை கார்டு இருந்தாலும் அத நம்பாதீங்க, ஃப்ரீபிஎஸ்டில வைஃபை ஹாட்ஸ்பாட் ஓட்டுறது வேலைக்கு ஆகாது. ஏற்கெனவே வச்சிருக்குற வைஃபை ரவுட்டரயே அக்சஸ் பாயின்ட்டா, அதாவது வைஃபை மட்டும் குடுக்குற பொட்டியா, மாத்திடுங்க. அதுல அக்சஸ் பாயின்ட் மோடுன்னு இருந்தா ஒரே கிளிக். இல்லன்னா அதோட டிஹெச்சிபிய, அதாவது மத்ததுக்கெல்லாம் ஐபி முகவரி குடுக்குற வேலைய, ஆஃப் பண்ணுங்க, அதுக்கு புது லேன் ரேஞ்ச்ல வேற யாருக்கும் போகாத ஒரு ஐபி குடுங்க, கேபிள அதோட வேன் ஓட்டைல சொருகாம லேன் ஓட்டைல சொருகுங்க. இந்த கடைசி விஷயம்தான் பாதி பேரு சொதப்புற இடம், வேன்ல சொருகுனா அது மறுபடியும் ஒரு ரவுட்டராவே நின்னு தனக்கு பின்னாடி இருக்குறத எல்லாம் மறைச்சுடும், ஃபயர்வால்ல பார்த்தா வீடு முழுக்க ஒரே ஒரு ஆள் மாதிரி தெரியும்.

நெட் குடுக்குறவங்க தந்த பொட்டி மோடமும் ரவுட்டரும் சேர்ந்த ரகமா இருந்தா, அத பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது ரவுட்டர் வேலைய விட்டுட்டு வெறும் மோடமா இருக்குறதுக்கு, மாத்த முடியுமான்னு பாருங்க, இல்ல அவங்களயே கேளுங்க. பிரிட்ஜ் பண்ணிட்டா சில லைன்ல பிபிபிஓஇ (நெட் லைன்ல லாகின் பண்ற முறை) யூசர்நேம் பாஸ்வேர்ட் கேக்கும், அத முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க. பிபிபிஓஇன்னா எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டோட அதிகபட்ச அளவு, 1500 பைட்டுக்கு பதில் 1492 ஆகும், 8 பைட் அதோட ஹெடருக்கு போயிடுது. சில சைட் மட்டும் பாதி திறந்து நின்னா முதல்ல இத சந்தேகப்படுங்க.

பிரிட்ஜ் முடியாதுன்னு சொல்லிட்டாங்களா, பரவால்ல, ரெண்டு தடவ நேட் (உள் முகவரிய வெளி முகவரியா மாத்துறது) ஆகும், சாதாரண உபயோகத்துக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனா ஒண்ணு முக்கியம், மோடம் பெரும்பாலும் 192.168.1.1ல உக்காந்திருக்கும், ஓபிஎன்சென்ஸும் ஆரம்பத்துல தன் லேனுக்கு அதே 192.168.1.1தான் வச்சிருக்கும். ரெண்டு பக்கமும் ஒரே ரேஞ்ச் இருந்தா பாக்கெட் எந்தப் பக்கம் போகணும்னு அதுக்கு தெரியாது, நெட் வரவே வராது. அதனால லேன 192.168.10.1 மாதிரி வேற எதாவதா மாத்திடுங்க. பிரிட்ஜ்ல இருந்தாலும் மாத்துறது நல்லதுன்னுதான் சொல்வேன், பின்னாடி வேற எடத்துலேருந்து விபிஎன் (வெளியிலேருந்து வீட்டு நெட்டுக்குள்ள வர்ற பூட்டுன பாதை) போட்டு வரும்போது அந்த எடமும் 192.168.1 ரேஞ்சா இருந்தா இதே குழப்பம் அங்கயும் வரும்.

இன்ஸ்டால்

இப்ப ஓடுற நெட்ட உடனே கழட்டாதீங்க. முதல்ல புது பொட்டியோட வேன் போர்ட்ட பழைய ரவுட்டருக்கு பின்னாடி சொருகி எல்லாத்தையும் தயார் பண்ணுங்க, வீட்ல யாருக்கும் தொந்தரவு இல்ல, உங்களுக்கும் எதாவது தேடணும்னா நெட் இருக்கும்.

ஓபிஎன்சென்ஸ் சைட்ல நாலு விதமான இமேஜ் (இன்ஸ்டால் ஃபைல்) இருக்கும், மானிட்டர் மாட்டி யூஎஸ்பிலேருந்து போடுறதுக்கு விஜிஏன்னு இருக்குறத எடுங்க. இறக்குனதும் செக்சம், அதாவது ஃபைல் மாறலன்னு காட்டுற அடையாள நம்பர், சைட்ல இருக்குறதோட ஒத்துப் போகுதான்னு பாருங்க, ஃபயர்வாலே கலப்படம்னா முதலுக்கே மோசம். ஃபைல் சுருக்கி வச்சிருப்பாங்க, அத விரிச்சுட்டுத்தான் எச்சர் மாதிரியோ ரூஃபஸ் மாதிரியோ ஒரு டூல் வச்சு பென்டிரைவ்ல எழுதணும். பழைய மெஷின்ல இருந்த எல்லாமே அழிஞ்சிடும், உள்ள பழைய போட்டோ எதாவது இருக்கான்னு ஒரு தடவ பார்த்துட்டு ஆரம்பிங்க.

பென்டிரைவ்லேருந்து பூட் ஆனா அது லைவ்வாவே ஓடும். பூட் ஆகும்போதே ஒரு இடத்துல எந்த போர்ட் எதுக்குன்னு நீங்களே குடுக்கணுமான்னு கேக்கும், இன்டெல் கார்டு இஎம்0, ஐஜிபி0ன்னு காட்டும், ரியல்டெக் ஆர்இ0ன்னு காட்டும். எந்த பேரு எந்த ஓட்டைன்னு குழப்பமா இருந்தா எல்லா கேபிளயும் கழட்டிட்டு ஆட்டோ டிடெக்ட்ட அமுக்கி, அது கேக்கும்போது ஒவ்வொண்ணா சொருகுங்க, அதுவே கண்டுபிடிச்சுக்கும். கண்டுபிடிச்சதும் ஓட்டைக்கு மேல வேன், லேன்னு ஸ்டிக்கர் ஒட்டிடுங்க.

லாகின்ல இன்ஸ்டாலர்ங்குற பேரயும் ஓபிஎன்சென்ஸ்ங்குற பாஸ்வேர்டயும் ஆங்கில சின்ன எழுத்துல அடிச்சா இன்ஸ்டால் தொடங்கும். ஃபைல் சிஸ்டம் இசட்எஃப்எஸ்ஸா யூஎஃப்எஸ்ஸான்னு கேக்கும், ரேம் 4 ஜிபி இருந்தா இசட்எஃப்எஸ் போடுங்க, கரண்ட் பட்டுன்னு போனாலும் நல்லா தாங்கும், பெரிய அப்டேட்டுக்கு முன்னாடி ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சுக்கவும் முடியும். ரூட் பாஸ்வேர்ட அங்கயே மாத்திடுங்க, பிறகு பார்த்துக்கலாம்னு விட்டா அப்படியே இருந்துடும். முடிஞ்சு ரீபூட் ஆகும்போது பென்டிரைவ உருவிடுங்க, ஸ்க்ரீன்ல நம்பர் போட்ட மெனு ஒண்ணு வரும், அதுல 2ஆவது ஆப்ஷன்ல லேன் ஐபிய மாத்திக்கலாம். இதுக்கப்புறம் மானிட்டர் வேணாம், லேன் பக்கம் ஒரு லேப்டாப்ப சொருகி பிரவுசர்ல அந்த ஐபிய அடிச்சா போதும். சர்டிஃபிகேட் சரியில்லன்னு பிரவுசர் கத்தும், அது அந்தப் பொட்டி தானே எழுதிக்கிட்டது, வீட்டுக்குள்ளங்குறதால தாண்டிப் போகலாம்.

உள்ள போனதும் முதல் வேலை அப்டேட். ரெண்டாவது, கான்ஃபிக் ஃபைல இறக்கி வேற இடத்துல வைக்கிறது. மொத்த செட்டிங்கும் ஒரே ஒரு எக்ஸ்எம்எல் ஃபைல்தான், டிஸ்க் செத்தா புது டிஸ்க்ல இன்ஸ்டால் பண்ணி இந்த ஃபைல குடுத்தா பழையபடி வந்து நிக்கும். அதுல உங்க பிபிபிஓஇ பாஸ்வேர்ட், விபிஎன் சாவியெல்லாம் இருக்கும், அதனால என்கிரிப்ட் பண்ணித்தான் இறக்கணும், கண்ட இடத்துல போடக்கூடாது.

இப்ப பழைய ரவுட்டர அக்சஸ் பாயின்ட்டா மாத்தி, மோடம் கேபிள இங்க சொருகி, மோடத்த ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. சில மோடம் முன்னாடி பார்த்த மேக் அட்ரஸ (நெட்வொர்க் கார்டோட அடையாள நம்பர்) மட்டும்தான் ஞாபகம் வச்சிருக்கும், ஆஃப் பண்ணாம புது பொட்டிக்கு ஐபி தராது.

ரூல்ஸ், இதுக்குத்தானே இவ்ளோ பாடு

ஆரம்பத்துல லேன்லேருந்து வெளிய போக எல்லாத்துக்கும் அனுமதி, வேன்லேருந்து உள்ள வர எதுக்கும் அனுமதி இல்ல, அப்படித்தான் இருக்கும். அந்த வேன் பக்கத்த தொடாதீங்க, அது சரியாத்தான் இருக்கு. வேலை இருக்குறது உள்பக்கம்.

ரெண்டு மூணு விஷயம் மண்டைல ஏறிட்டா ரூல்ஸ் சுலபம். ஒரு இன்டர்ஃபேஸ்ல, அதாவது வேன் லேன் மாதிரி ஒரு பக்கத்துல, எழுதுற ரூல், அந்தப் பக்கத்துலேருந்து ஃபயர்வாலுக்குள்ள நுழையிற பாக்கெட்டுக்குத்தான். அதாவது கேமராவ தடுக்கணும்னா ரூல கேமரா இருக்குற பக்கத்துல எழுதணும், லேப்டாப் பக்கத்துல எழுதி பிரயோஜனமில்ல. அடுத்தது, ரூல்ஸ் மேலேருந்து கீழ படிக்கப்படும், முதல்ல எது பொருந்துதோ அதோட கதை முடிஞ்சது, கீழ என்ன எழுதியிருந்தாலும் பார்க்காது. அப்புறம், இது ஸ்டேட் வச்சுக்குற, அதாவது எந்த கனெக்‌ஷன் ஓடுதுன்னு ஞாபகம் வச்சுக்குற ஃபயர்வால், ஒரு கனெக்‌ஷன வெளிய போக விட்டா அதுக்கு வர்ற பதில தனியா அனுமதிக்க வேண்டாம். இதுல ஒரு பக்க விளைவு இருக்கு, புதுசா ஒரு தடுப்பு ரூல் போட்டாலும் ஏற்கெனவே ஓடிட்டு இருக்குற கனெக்‌ஷன் அப்படியே ஓடும், ரூல் வேலை செய்யலயேன்னு நெனச்சு குட்டைய குழப்பாதீங்க, ஸ்டேட்ஸ ஒரு தடவ ரீசெட் பண்ணிட்டு பாருங்க.

இன்னொரு உண்மையும் தெரிஞ்சுக்கணும், ஒரே நெட்வொர்க்ல இருக்குற ரெண்டு மெஷின் பேசிக்கிறது ஃபயர்வாலுக்கு வரவே வராது, சுவிட்ச்லயே முடிஞ்சிடும். அதனாலதான் தனி நெட்வொர்க்கா பிரிக்கணும்ங்குறது. மூணாவது போர்ட் இருந்தா அதுலயே ஒரு தனி அக்சஸ் பாயின்ட் மாட்டி டிவி, கேமரா, ஸ்மார்ட் பல்பு எல்லாத்தையும் அங்க தள்ளுங்க, பழைய வைஃபை ரவுட்டர் இன்னொண்ணு கிடந்தா அதுக்கும் வேலை கிடைச்ச மாதிரி. போர்ட் இல்லன்னா விலேன், ஆனா சுவிட்ச்சும் அக்சஸ் பாயின்ட்டும் ரெண்டும் விலேன் தெரிஞ்சதா இருக்கணும். புது இன்டர்ஃபேஸுக்கு 192.168.30.1 மாதிரி வேற ரேஞ்ச் குடுத்து டிஹெச்சிபிய ஆன் பண்ணுங்க. நெட் வராது. பதறாதீங்க, லேனுக்கு மட்டும்தான் அது தானா ரூல் எழுதிக் குடுக்கும், மத்த இன்டர்ஃபேஸ்ல ரூலே இல்லன்னா எல்லாமே அடைப்புதான்.

அங்க இப்படி எழுதுங்க. முதல்ல, அந்த நெட்வொர்க்லேருந்து ஃபயர்வாலோட 53ஆம் போர்ட்டுக்கு அனுமதி, டிசிபி யூடிபி ரெண்டும், டிஎன்எஸ்ஸுக்காக. அடுத்து, அங்கேருந்து ஃபயர்வாலோட வேற எதுக்கும் போகக்கூடாதுன்னு ஒரு தடுப்பு, திஸ் ஃபயர்வால்னு ஒரு தேர்வு இருக்கும் அத போடுங்க, வெறும் கேட்வே ஐபிய, அதாவது அந்தப் பக்கத்துல ஃபயர்வாலுக்கு இருக்குற முகவரிய, மட்டும் தடுத்தா வேன் ஐபி வழியா உங்க லாகின் பக்கத்துக்கு சுத்தி வர முடியும். மூணாவது, 10.0.0.0/8, 172.16.0.0/12, 192.168.0.0/16 இந்த மூணையும் ஒரு ஏலியாஸ்ல (பேர் வச்ச லிஸ்ட்) போட்டு அதுக்கு ஒரு தடுப்பு, இந்த மூணுதான் பிரைவேட் ரேஞ்ச் மொத்தமும், நாளைக்கு இன்னொரு நெட்வொர்க் சேர்த்தாலும் இதே ரூல் காப்பாத்தும். ஐபிவி6ங்குற புது ரக முகவரி இருக்குற லைனுன்னா அந்த ஏலியாஸ் அத கவனிக்காது, லேன் நெட்னு ஒரு தடுப்பும் ஐபிவி6க்கு சேர்த்து போட்டுடுங்க. கடைசியா, மிச்சம் எல்லாத்துக்கும் அனுமதி. தடுப்பு ரூல்ஸ்ல லாக் டிக்க போட்டு வச்சீங்கன்னா எந்த பல்பு யாரத் தேடுதுன்னு லைவ்வா பார்க்கலாம், முதல் வாரம் இது டிவி சீரியல விட சுவாரசியமா இருக்கும்.

லேன்லேருந்து அந்த நெட்வொர்க்குக்கு போறது திறந்தே இருக்கும், அதனால உங்க லேப்டாப்லேருந்து கேமராவ பார்க்கலாம், கேமராவால லேப்டாப்ப பார்க்க முடியாது. போன்லேருந்து டிவிக்கு காஸ்ட் பண்றது மட்டும் நின்னுடும், டிவி இருக்குன்னு சொல்ற அந்த எம்டிஎன்எஸ் பாக்கெட் நெட்வொர்க் தாண்டாது, அதுக்கு எம்டிஎன்எஸ் ரிப்பீட்டர்னு ப்ளகின் இருக்கு. அதுவும் சரியா வரலன்னா டிவிய லேன்லயே வச்சுக்கோங்க, வீட்ல சண்டை வேண்டாம்.

யூபிஎன்பிய ஆன் பண்ணாதீங்க. அது உள்ள இருக்குற எந்த பொருளும் தனக்குத்தானே வெளிக்கதவ திறந்துக்குற வசதி, இவ்ளோ கஷ்டப்பட்டு அடைச்சதுக்கு அர்த்தமே இல்லாம போயிடும்.

டிஎன்எஸ்

அன்பவுண்ட்னு ஒரு டிஎன்எஸ் சர்வர் கூடவே வருது. அதுல பிளாக்லிஸ்ட் பகுதிக்கு போய் ஒரு லிஸ்ட்ட டிக் பண்ணா விளம்பரம், டிராக்கர்ல நிறைய வீடு முழுக்க நின்னுடும், போன் டிவி எதுலயும் தனியா ஒண்ணும் போட வேண்டாம். பெரிய பெரிய லிஸ்ட் எல்லாத்தையும் சேர்த்து போட்டுடாதீங்க, அப்புறம் பேமென்ட் பக்கம் திறக்கல, ஓடிபி வரலன்னு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க, ஒண்ணு போட்டு ஒரு வாரம் பார்த்துட்டு அடுத்தது.

சில டிவியும் ஸ்டிக்கும் நீங்க குடுக்குற டிஎன்எஸ்ஸ மதிக்காம நேரா கூகுளோட 8.8.8.8க்கு போகும். நேட்ல போர்ட் ஃபார்வர்ட் ரூல் ஒண்ணு அந்த இன்டர்ஃபேஸ்ல போட்டு, 53ஆம் போர்ட்டுக்கு எங்க போனாலும் 127.0.0.1க்கு, அதாவது ஃபயர்வாலுக்கே, திருப்பிடுங்க, அதுக்கு தெரியாமலே உங்க அன்பவுண்ட்தான் பதில் சொல்லும். டிஎல்எஸ்ங்குற என்கிரிப்ட் வழியா போற டிஎன்எஸ் 853ஆம் போர்ட்ல போகும், அத சும்மா தடுத்துடலாம். ஹெச்டிடிபிஎஸ் வழியா போற டிஎன்எஸ்தான் கஷ்டம், மத்த வெப் டிராஃபிக் போற 443லயே போறதால பிரிச்சுப் பார்க்க முடியாது, தெரிஞ்ச சர்வர் ஐபிகள லிஸ்ட் போட்டு தடுக்கிறது ஒண்ணுதான் வழி, அதுவும் முழுசா ஆகாது.

ஒருத்தர் பெரிய ஃபைல் அப்லோட் பண்ணா இன்னொருத்தர் வீடியோ கால் திக்குதுன்னா வேகத்த பங்கு போடுற ஷேப்பர்ல எஃப்க்யூ கோடல்ங்குற முறைய போட்டு, உங்க லைன் நிஜமா தர்ற வேகத்துல 90 சதவீதம் குடுங்க. கொஞ்சம் வேகம் விட்டுக் குடுக்குறீங்க, ஆனா வரிசை மோடத்துல சேராம உங்க பொட்டில நிக்கும், கால் திக்காது. பழைய கம்ப்யூட்டர் போட்டதுல வீட்ல இருக்குறவங்க உண்மையிலேயே கவனிக்கப்போற ஒரே மாற்றம் இதுவாத்தான் இருக்கும்.

சுரிகாட்டா மாதிரி ஊடுருவல் கண்டுபிடிக்கிறதும் மெனுவுல இருக்கும், பேரே கம்பீரமா இருக்கும், கை துறுதுறுக்கும். இன்னிக்கு போற டிராஃபிக்ல பெரும்பகுதி என்கிரிப்ட் ஆனது, உள்ள என்ன இருக்குன்னு அதால பார்க்க முடியாது, ரேம மட்டும் தின்னும், பழைய ப்ராசஸர்ல லைன் வேகமும் இறங்கும். வீட்டுக்கு நான் போட மாட்டேன்.

வெளியூர்லேருந்து வீட்டுக்குள்ள வரணும்னா போர்ட் ஃபார்வர்ட் போட்டு கேமராவ வெளிய காட்டாதீங்க, வயர்கார்டுங்குற விபிஎன் போடுங்க. வேன்ல யூடிபி 51820 ஒண்ண மட்டும் திறந்தா போதும், சரியான சாவி இல்லாதவன் தட்டுனா அது பதிலே சொல்லாது. பழைய ப்ராசஸர்ல ஏஇஎஸ் என்கிரிப்ஷன வேகமாக்குற வசதி இல்லன்னாலும் கவலை இல்ல, வயர்கார்டு சாச்சா20ங்குற வேற முறையத்தான் உபயோகிக்குது. உங்க வேன் ஐபி 100.64லேருந்து 100.127க்குள்ள தொடங்குதுன்னா நெட் குடுக்குறவங்களே உங்கள இன்னொரு நேட்டுக்குள்ள வச்சிருக்காங்க, வெளியிலிருந்து நேரா வர முடியாது, பப்ளிக் ஐபி கேட்டு வாங்கணும், இல்ல ஐபிவி6 வழியா வரணும். ஐபிவி6ல நேட் கிடையாது, வீட்ல ஒவ்வொரு பொருளுக்கும் உலகத்துலேருந்து அடையக்கூடிய முகவரி இருக்கும், அங்க ஃபயர்வால் மட்டும்தான் காவல். அதுக்காக நெட்வொர்க் தகவல் சொல்லிக்குற ஐசிஎம்பிவி6 பாக்கெட் மொத்தத்தையும் அடைச்சிடாதீங்க, ஐபிவி6 ஓடுறதே அத நம்பித்தான்.

எல்லாம் முடிஞ்சதும் போன்ல வைஃபைய ஆஃப் பண்ணி மொபைல் டேட்டால ஒரு லேப்டாப்ப கனெக்ட் பண்ணி, எந்த போர்ட் திறந்திருக்குன்னு பார்க்குற என்மேப்ங்குற டூல் வச்சு உங்க வேன் ஐபிய ஸ்கேன் பண்ணுங்க. வீட்டுக்குள்ளேருந்தே வேன் ஐபிய ஸ்கேன் பண்ணி பயந்துடாதீங்க, உள்பக்கத்துலேருந்து பார்த்தா லேன் ரூல்தான் பேசும், திறந்திருக்கிற மாதிரியே காட்டும். அடுத்து கேமரா நெட்வொர்க்ல சேர்ந்துக்கிட்டு லேன்ல இருக்குற ஒரு மெஷின பிங் பண்ணிப் பாருங்க, பதில் வந்தா ரூல் வரிசைய மறுபடி பாருங்க.

அப்டேட்ட எல்லாரும் தூங்குன பிறகோ யாரும் வீட்ல இல்லாதப்பவோ போடுங்க, போடுறதுக்கு முன்னாடி ஸ்னாப்ஷாட், கான்ஃபிக் ரெண்டும் எடுத்துக்கோங்க. பழைய மெஷின் என்னிக்காவது போகத்தான் போகும், அன்னிக்கு நீங்க வீட்ல இல்லன்னா என்ன பண்றதுன்னு இப்பவே ஏற்பாடு இருக்கட்டும். மோடம் பிரிட்ஜ் மோடுல இல்லன்னா ரொம்ப சுலபம், அதோட வைஃபைய வேற பேர்ல வச்சு பாஸ்வேர்ட ஒரு பேப்பர்ல எழுதி பொட்டி மேல ஒட்டிடுங்க. பிரிட்ஜ்ல இருந்தா, பிபிபிஓஇ விவரமெல்லாம் போட்டு தயாரா ஒரு பழைய ரவுட்டர் பக்கத்துலயே இருக்கட்டும், எந்த கேபிள கழட்டி எதுல சொருகணும்னு ரெண்டு வரி, கேபிளுக்கு கலர் டேப், அவ்ளோ போதும், கம்ப்யூட்டர் தெரியாதவங்களும் மாத்திக்குவாங்க.